வீடு வீடாகக் கேட்டலாக் கொடுத்தேன்

“ஒண்ணும் வேணாம்மா, போயிட்டு வா!”

கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு இந்த வார்த்தையை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். முதல் தடவை கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு பழகிவிட்டது. “விற்க வரலைங்க அக்கா. இந்தப் புக்கை ரெண்டு நாள் வெச்சிருந்து பாருங்க. புதன்கிழமை வந்து வாங்கிக்கறேன்” என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். பாதிப் பேர் கதவைத் திறந்தார்கள். மீதிப் பேர் நாயை அதட்டுகிற மாதிரி என்னையும் அதட்டினார்கள்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. கணவருக்குக் கிண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. 2012-ல் அவருக்கு ஓவர்டைம் நின்றுபோனது. மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. முடிச்சூரில் வாடகை வீடு. மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரைச் செலவு தனி. மாதம் இருபது தேதிக்கு மேல் கையில் காசு நிற்காது. அந்தச் சமயத்தில்தான் மார்க்கெட்டில் பழக்கமான ஓர் அம்மா, வழவழவென்று பளபளக்கும் ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்தார். முகப் பவுடர், கிரீம், ஷாம்பு, சோப்பு எல்லாம் கலர் படமாக இருந்தது. “கடை வேணாம், முதலாளி வேணாம். நீயே உனக்கு முதலாளி. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போன நேரத்துல நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டு, போதும்” என்றார்.

‘நீயே உனக்கு முதலாளி’ என்ற அந்த வார்த்தைக்கு நான் மயங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

லைப்ரரிக்காரர் சொல்லிக்கொடுத்த வழி

இந்த மாதிரி கேட்டலாக் கம்பெனிகள் நம் நாட்டுக்கு வந்தது 1990-களின் நடுவில். ஆனால் பழக்கம் மிகப் பழையது. அமெரிக்காவில் டேவிட் மெக்கானல் என்று ஒருவர் வீடு வீடாகப் புத்தகம் விற்றாராம். புத்தகத்தைவிட, கூடவே இலவசமாகக் கொடுத்த வாசனைத் தைலத்துக்குத்தான் பெண்களிடம் மவுசு என்று கண்டுகொண்டு, 1886-ல் அதையே தொழிலாக்கினார். அதுதான் பிற்பாடு ஏவான் என்று பெயர் பெற்ற கம்பெனி. அதற்காக முதன்முதலில் படியேறி இறங்கியவர் ஆல்பி என்ற ஒரு பெண்மணி. இங்கிலாந்தில் 1923-ல் பிரஷ் விற்க ஆரம்பித்த கிளீனீஸ் என்ற கம்பெனியின் ஆட்கள், பிற்காலத்தில் கேட்டலாக்கை வாசலில் வைத்துவிட்டுச் சில நாள் கழித்து வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். 2018-ல் அந்தக் கம்பெனியே மூடப்பட்டது. இதெல்லாம் என் மகள் பிறகு படித்துச் சொன்னது. அப்போது எனக்கு எதுவும் தெரியாது.

எனக்கு வழி காட்டியது எங்கள் அம்மா வீட்டு ஞாபகம்தான். சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு சைக்கிளில் ஒரு லைப்ரரிக்காரர் வருவார். கேரியரில் வாரப் பத்திரிகை, மாத நாவல் எல்லாம் அடுக்கிக் கட்டியிருக்கும். இன்று ஒரு வீட்டில் கொடுத்த புத்தகத்தை இரண்டு நாள் கழித்து வாங்கி அடுத்த வீட்டில் கொடுப்பார். ஒரே புத்தகம் ஊரெல்லாம் சுற்றும். அம்மா அதை வாங்கி, அடுப்பு அணைந்த பிறகு ராத்திரி படிப்பாள்.

நான் அதையே செய்தேன். கேட்டலாக் ஒன்று 25 ரூபாய். அதைக் கம்பெனி சும்மா கொடுக்காது, நம் காசில்தான் வாங்க வேண்டும். வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தால் கட்டுப்படியாகாது. இருபது கேட்டலாக் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் அட்டை போட்டு, பின்பக்கம் என் பெயரும் போன் நம்பரும் எழுதி ஒட்டினேன். திங்கள் ஒரு வீடு, புதன் இன்னொரு வீடு, வெள்ளி வேறொரு வீடு. இரண்டு வாரத்தில் ஒரு கேட்டலாக் ஆறு வீடு பார்த்துவிடும். இருபதுக்கும் சேர்த்து 120 வீடு. மூன்றாவது வாரம் ஆர்டர் எடுத்து அனுப்புவேன். நான்காவது வாரம் சாமான் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் வாங்குவேன்.

முடிச்சூர் சாலை, கிருஷ்ணா நகர், பழைய பெருங்களத்தூர் என்று முதலில் மேற்குப் பக்கம் மட்டும் போனேன். தாம்பரத்தை ரயில்வே லைன் இரண்டாக வெட்டுகிறதே, அதைத் தாண்டிக் கிழக்கே போக எனக்கு ஆறு மாதம் தைரியம் வரவில்லை. பிறகு சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் வரை போனேன். சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி வளாகத்தில் வேலை செய்யும் பெண்கள் சிலரும், எங்கள் தெருக்காரப் பெண் மூலம் வாடிக்கையானார்கள். சம்பளம் வாங்கின கையோடு ஒரு லிப் பாம், ஒரு பவுடர் என்று சின்னச் சின்ன ஆர்டர். பாக்கி வைக்கவே மாட்டார்கள்.

மணிக்கு இருபது ரூபாய்

மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஆர்டர் வந்தால் எனக்கு நூற்றுக்கு இருபது வீதம் 2,400 ரூபாய் நிற்கும். ‘ஆஹா, இரண்டாயிரத்து நானூறு!’ என்று நான் குதித்தேன். கணவர் ஸ்டோர்ஸில் கணக்கு எழுதுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “உன் செலவையும் சொல்லு பார்ப்போம்” என்று பேனாவை எடுத்தார்.

கேட்டலாக் 500. பஸ், ஷேர் ஆட்டோ 350. கவர், போன் எல்லாம் சேர்த்து 150. ஆக ஆயிரம் போயிற்று. மிச்சம் 1,400. தினம் மூன்று மணி நேரம், மாதம் 24 நாள் நடக்கிறேன். 72 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு இருபது ரூபாய்கூடத் தேறவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. “அந்த ஆயிரத்து நானூறுலதானே அத்தைக்கு மாத்திரை வாங்கினேன்?” என்று சண்டை பிடித்தேன். அவர் நிதானமாக, “நான் விட்டுடுன்னு சொல்லலை. தெரிஞ்சு நடன்னு சொல்றேன்” என்றார். அந்த வார்த்தையின் அருமை அப்போது எனக்குப் புரியவில்லை.

வீட்டிலிருந்தபடி ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கையில் வருகிற காசு வேறு, நமக்கு நிற்கிற காசு வேறு. நம் கால் நடந்ததற்கும் ஒரு விலை போட்டுப் பாருங்கள். போட்டுப் பார்த்துவிட்டு, சரிதான் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள்.

உடம்பு சொன்ன புத்தி

இன்னொரு விஷயத்தைக் கூச்சப்படாமல் எழுதுகிறேன். வெயிலில் தெருத் தெருவாகச் சுற்றும் பெண்ணுக்குப் பெரிய கஷ்டம் கால்வலி இல்லை. ஒதுங்க இடம் இல்லாததுதான். அதற்குப் பயந்தே நான் காலையில் ஒரு வாய் காபியோடு கிளம்பி, மத்தியானம் வீடு திரும்பும் வரை தண்ணீரே குடிக்க மாட்டேன். ஒரு வருஷத்தில் நீர்க்கடுப்பு வந்தது. எரிச்சல், அடிவயிற்று வலி, குளிர் ஜுரம். வெந்தயம், இளநீர், மோர் என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டே பத்து நாளைக் கடத்தினேன். கடைசியில் டாக்டரம்மாவிடம் போனபோது நன்றாகத் திட்டு வாங்கினேன்.

“தண்ணி குடிக்காம இருக்கறதும், வந்ததை அடக்கறதும்தான் இதுக்குக் காரணம். கிருமி மேல ஏறி கிட்னி வரைக்கும் போகும். ஜுரம் வந்தப்புறம் கைவைத்தியம் பண்ணிட்டு உட்காரலாமா?” என்றார். சிறுநீரைப் பரிசோதித்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எரிச்சல் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல், சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

அன்றிலிருந்து பையில் ஒரு லிட்டர் தண்ணீர் இல்லாமல் நான் படி இறங்கியதில்லை. போகிற வழியில் மூன்று வீட்டை மனதில் குறித்துக்கொண்டேன். அந்த வீட்டு அக்காக்களிடம் வாய்விட்டே கேட்டேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. “இதுக்கா இத்தனை தயங்கினே?” என்றார் ஒரு மாமி.

விற்கிற சாமானிலும் டாக்டரம்மா ஒரு புத்தி சொன்னார். எந்த கிரீமானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லை என்றால்தான் முகத்தில் போட வேண்டும் என்றார். அதை எல்லா வீட்டிலும் சொல்வேன். ‘பூசினால் சிவப்பாகிவிடுவாய்’ என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. நானே மாநிறம், அந்தப் பொய் என் வாயில் வராது. கைக்குழந்தைக்குத் தோல் உரிகிறது, ஏதாவது கிரீம் இருக்கிறதா என்று கேட்ட இளம் தாய்மாரிடம், “குழந்தை டாக்டர்கிட்ட காட்டும்மா, என் புக்குல அதுக்கு மருந்து இல்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த மாதம் ஒரு ஆர்டர் குறையும். அடுத்த மாதம் அவளே கூப்பிடுவாள்.

வளையல் போன கதை

மூன்று வருஷம் இப்படி நன்றாகவே ஓடியது. 2015 அக்டோபரில் சனி பிடித்தது. என்னைச் சேர்த்துவிட்ட அம்மாவுக்கு மேலே ஒரு லீடர் இருந்தார். நன்றாகப் பேசுவார். “நீ இப்படியே புக்கு தூக்கிட்டு அலைஞ்சா காலம் பூரா ரெண்டாயிரம்தான். தீபாவளி வருது. ஒரே தடவையா ஸ்டாக் எடு. உனக்குக் கீழே ஆளைச் சேரு. அடுத்த படிக்குப் போயிடுவே. அப்புறம் நீ நடக்க வேணாம், உனக்காக மத்தவங்க நடப்பாங்க” என்றார்.

அதில் இருந்த விஷயம் எனக்கு அப்போது தெரியவில்லை. என் இரண்டு வளையலை அடகு வைத்து 28,000 ரூபாய் வாங்கினேன். கணவரிடம் பாதிதான் சொன்னேன். அத்தோடு நிறுத்தினேனா? என் நாத்தனாரையும் சேர்த்துவிட்டேன். கணவரின் தங்கை அவள், பெருங்களத்தூரில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். பெண்ணின் காதணி விழாவுக்கென்று சீட்டு எடுத்து வைத்திருந்த 12,000 ரூபாயைக் கொண்டுவந்து, “நீங்க சொன்னா சரிதான் அண்ணி” என்று என் கையில் கொடுத்தாள். ரசீதுகூடக் கேட்கவில்லை.

மொத்தம் நாற்பதாயிரத்துக்குச் சாமான் வந்து இறங்கியது. அவளுடைய பங்கும் என் வீட்டில்தான். பத்துப் பதினைந்து அட்டைப்பெட்டி. கட்டிலுக்கு அடியில், பீரோ பக்கத்தில், சமையலறை மூலையில். நவம்பர் 10-ம் தேதி தீபாவளி. அதற்குள் கால்வாசிதான் விற்றது, அதுவும் பெரும்பாலும் கடனுக்கு. முப்பத்தேழு வீட்டில் பாக்கி. எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பார்த்தேன். வர வேண்டியது 9,460 ரூபாய். அந்தத் தொகை மட்டும் மனதில் நின்றது.

நவம்பர் நடுவிலேயே ஒரு தடவை தெருவில் தண்ணீர் வந்து போனது. அப்போதே பெட்டிகளை மாடி வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். நான் இரண்டு செங்கல் வைத்து உயர்த்திவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

டிசம்பர் 1-ம் தேதி வந்தது. அன்று காலையிலிருந்து விடாத மழை. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை என்று பிறகு சொன்னார்கள். ஏரிகள் நிரம்பி வழிய, அடையாறும் சேர்ந்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. ராத்திரி முழங்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது மாமியாரைத் தூக்குவதா, பிள்ளைகளைப் பிடிப்பதா, பெட்டியைப் பார்ப்பதா? மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கினோம். மகள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் திரும்பி வந்து ஒரே ஒரு பெட்டியைத் தூக்கினேன். அடிப்பக்கம் ஊறிக் கிழிந்து, உள்ளே இருந்த டப்பாக்கள் எல்லாம் தண்ணீரில் விழுந்தன. கணவர் டார்ச்சைக் காட்டி, “விட்டுட்டு வா!” என்று கத்தினார். விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் மாடி வீட்டில் இருந்தோம். தெருவில் படகு போனதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீர் வடிந்து கீழே வந்தபோது முழங்கால் அளவு சேறு. அரிசி, மெத்தை, பள்ளிக்கூடப் புத்தகங்கள், பெட்டிகள் எல்லாம் ஒரே குப்பை. வீடு முழுக்கச் சேற்று நாற்றத்தோடு ரோஜா சென்ட் வாசனை. இன்றுவரை அந்த வாசனை எனக்கு ஆகாது. பாக்கி நோட்டு கூழாகிக் கிடந்தது. எந்த வீட்டில் எவ்வளவு என்று ஒரு எழுத்து மிஞ்சவில்லை.

லீடருக்குப் போன் செய்தேன். “அடடா” என்று வருத்தப்பட்டார். அடுத்த நிமிஷமே, “கவலைப்படாதே. அடுத்த மாசம் ரெண்டு பேரைச் சேர்த்துவிடு. அவங்க ஸ்டாக் எடுத்தா உன் நஷ்டம் சரியாயிடும்” என்றார்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் குழியிலிருந்து ஏற, இன்னும் இரண்டு பெண்களை அதே குழியில் இறக்க வேண்டும். என் நாத்தனாரைப் போலத்தானே அவர்களும் ரசீது கேட்காமல் பணம் கொடுப்பார்கள்? அதோடு ஆள் சேர்க்கிற பேச்சை விட்டேன். கணவரிடம் வளையல் கதை முழுவதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நோட்டு இல்லாத கணக்கு

டிசம்பர் மூன்றாவது வாரம். வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணா நகரிலிருந்து வயதான அம்மா ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்துதான் இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, “இருநூத்தி எண்பது. சரியா பாரு” என்று நீட்டினார்.

“நோட்டு தண்ணியில போயிடுச்சும்மா. எனக்கே தெரியலை” என்றேன்.

“உன் நோட்டு போனா என்ன? வாங்கினவ எனக்குத் தெரியாதா?” என்றார்.

நான் யார் வீட்டுக்கும் போய்க் கேட்கவில்லை. கேட்க முகமும் இல்லை, கணக்கும் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவராக வந்தார்கள். சானடோரியத்தில் வேலை செய்யும் பெண்கள் நாலு பேர் சேர்த்து ஒரே கவரில் போட்டு அனுப்பினார்கள். பொங்கலுக்குள் 8,150 ரூபாய் வந்துவிட்டது. வராத மீதிக்கும் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்த வெள்ளத்தில் யார் வீட்டில் என்ன போயிற்றோ! அந்தப் பணத்தில்தான் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும், வீட்டுக்கு அரிசியும் பாயும் வாங்கினேன்.

மூன்று வருஷம் வெயிலில் நடந்ததற்கு மணிக்கு இருபது ரூபாய்தானா என்று நொந்துகொண்டேனே, அந்தக் கணக்கில் விட்டுப்போன வரவு இதுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

நாத்தனார் வீட்டுக்குப் போனேன். “உன் பணம் பன்னிரண்டாயிரமும் என் பொறுப்பு. மாசம் ஐந்நூறு தருவேன்” என்றேன். அவள் எதுவும் பேசவில்லை. காபி கொடுத்தாள். ஆனால் அவள் வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்குக் காது குத்தும்போது எங்களைக் கூப்பிட்டார்கள். ஆனால் முன்போல் ஒருநாள் முன்னதாக வந்து பந்தல் வேலை பார்க்கச் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்குத்தான் தெரியும்.

கொடுக்கிற வேலைக்குக் கூலி

ஐந்நூறுக்கு வழி? ஒரு துணிக்கடைக்காரர் காட்டினார். பண்டிகைக்குப் படம் போட்ட புத்தகம் அச்சடித்து, பையன்களிடம் வீடு வீடாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கட்டோடு குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கூலி வாங்கிப் போய்விட்டார்கள். “உனக்குத்தான் எல்லா வீடும் தெரியுமே, நீ கொடுப்பியா?” என்றார். புத்தகத்துக்கு ஒரு ரூபாய் என்று பேசினோம். ஆறு நாளில் ஆயிரம் புத்தகம், ஆயிரம் ரூபாய். முதலீடு இல்லை, ஸ்டாக் இல்லை, பாக்கி இல்லை.

கேட்டில் செருகிவிட்டு வரமாட்டேன். ஆள் இருந்தால் கையில் கொடுப்பேன். வீடு பூட்டியிருந்தால் மறுநாள் போவேன். எந்தத் தெருவில் எத்தனை என்று எழுதிக் கடைக்காரரிடம் கொடுப்பேன். அதைப் பார்த்து ஒரு டியூஷன் சென்டர், ஒரு பல் ஆஸ்பத்திரி, ஒரு மளிகைக்கடை என்று வேலை வந்தது. கிரீம் கேட்டலாக்கையும் விடவில்லை. ஆனால் கேட்ட சாமானுக்கு மட்டும் ஆர்டர், கையில் ஒரு டப்பாகூட வைத்துக்கொள்வதில்லை. சேலையூர் பக்கம் மாடி வீட்டுக்குக் குடிவந்தோம்.

2016 ஜனவரி முதல் 2017 டிசம்பர் வரை, இருபத்து நான்கு மாதம், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி ஐந்நூறு ரூபாயைக் கொண்டுபோய் நாத்தனாரிடம் கொடுத்தேன். கடைசித் தவணையன்று அவள் உள்ளே போய் ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இருபத்து நான்கு வரி, தேதி போட்டு. “ரசீது கேட்கலைன்னு வருத்தப்பட்டீங்களே அண்ணி, நான்தான் எழுதி வெச்சிருந்தேன்” என்று சிரித்தாள். அந்தப் பொங்கலுக்கு அவள் வீட்டுக்காரரே ஆட்டோவில் வந்து எங்களை அழைத்துக்கொண்டு போனார். வளையலை மீட்க 2019 ஆகிவிட்டது; அது பெரிய விஷயமில்லை.

இன்றைக்கு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. காகிதத்தைத் தொடவே எல்லோரும் பயந்தார்கள். மகள் கேட்டலாக்கை வாட்ஸ்ஆப்பில் அனுப்பக் கற்றுக்கொடுத்தாள். இப்போது பெரும்பாலான ஆர்டர் அப்படித்தான் வருகிறது. ஆனாலும் சிட்லபாக்கம், சேலையூர் பக்கம் வயதானவர்கள் அறுபது வீட்டில் இன்னும் புத்தகம்தான் கேட்கிறார்கள். “போன்ல பார்த்தா கண்ணு வலிக்குது. நீயும் வந்து ரெண்டு நிமிஷம் உட்காரு” என்பார்கள். கிரீமைவிட அந்த இரண்டு நிமிஷம்தான் அவர்களுக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

2021 டிசம்பரில் மத்திய அரசு இந்த நேரடி விற்பனைத் தொழிலுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. ஆளுக்குமேல் ஆள் சேர்த்து அதில் பணம் பார்க்கும் பிரமிட் திட்டத்துக்குத் தடை. விற்பவர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடுக்க 1978-லேயே ஒரு சட்டம் வந்தாகிவிட்டது. 2015-ல் அதை எனக்கு யாராவது சொல்லியிருந்தால்! இப்போது நான் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போன் செய்து கேட்டுக்கொண்டுதான் போகிறேன்.

இந்த மாதிரி வேலையில் இறங்க நினைக்கும் சகோதரிகளுக்கு, பட்டவள் என்ற முறையில் சில வார்த்தைகள்:

• ஆர்டர் வந்த பிறகு சாமான் எடுங்கள். நகையை வைத்து ஸ்டாக் எடுக்காதீர்கள்.

• ‘சாமான் விற்றால் லாபம்’ என்று சொன்னால் கேளுங்கள். ‘ஆள் சேர்த்தால் லாபம்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

• சொந்தக்காரர் பணத்தை இதில் இழுக்காதீர்கள். பணம் திரும்ப வந்துவிடும். பழைய பேச்சு திரும்ப வர நாளாகும்.

• கணக்கை இரண்டு இடத்தில் எழுதுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வாங்கினவரிடம்.

• வீட்டுக்காரரிடம் பாதி சொல்லாதீர்கள்.

• ஏமாற்றம் நேர்ந்தால் மூடி மறைக்காமல் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

• தண்ணீர் பாட்டில் இல்லாமல் படி இறங்காதீர்கள்.

கேட்டுக்கு உள்ளே இருக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது தெருவில் பார்சல் கொண்டுவரும் பெண்கள் நிறையப் பேர். முதுகில் பெரிய பை, கையில் போன், நிற்க நேரமில்லை. சாமான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் வெயில் நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். முடிந்தால், “பாத்ரூம் போகணுமா கண்ணு?” என்றும் கேளுங்கள். அவள் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். நானும் ஒரு வருஷம் கேட்கவில்லை.

போன வாரம் எங்கள் வாசலுக்கு அப்படி ஒரு பெண் வந்தாள். இருபது, இருபத்தொரு வயசு இருக்கும். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினவளை நிறுத்திக் கேட்டேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு பையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.